வாடகை வீட்டுக்கும் வாக்கு உண்டு: பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளை வாக்காளர் பட்டியலில் சேர்த்த அனுபவம்

2023ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எங்கள் பள்ளி மாணவிகள் எல்லோரும் வலது கையை முன்னே நீட்டித் தேசிய வாக்காளர் நாள் உறுதிமொழியை எடுத்துக்கொண்டார்கள். கோலப் போட்டி நடந்தது, வாசலில் மனிதச் சங்கிலி நின்றது, படங்கள் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினோம். மூன்றாம் பாடவேளையில் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவுக்குள் நுழைந்த நான், பதினேழு வயது நிறைந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதால், பதினேழு வயது நிறைந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். பாதிக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்தவர்களைத் தவிர மற்றவர்கள் கையை இறக்கிக்கொள்ளலாம் என்றேன். இரண்டே இரண்டு கைகள் நின்றன.

திருப்பூர் நகரை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் நான். பள்ளிகளில் வாக்காளர் கல்விக்கென்று 2018 முதல் அமைக்கப்பட்டு வரும் மன்றத்துக்கு எங்கள் பள்ளியில் நானே பொறுப்பாளர். அதற்கு முந்தைய நவம்பரில்தான் அந்த வகுப்புக்கு ஒரு மணி நேரம் வாக்குரிமையைப் பற்றிப் பேசியிருந்தேன். நன்றாகப் பேசியதாகவும் நம்பியிருந்தேன். எனவே ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டபோது என் குரலில் சற்றுக் கடுமை இருந்திருக்க வேண்டும். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எங்களுக்கு ஓட்டு ஊர்லதான் டீச்சர். இங்க நாங்க வாடகைக்குத்தான இருக்கோம்" என்றாள். அவள் உட்காருவதற்குள், "நாங்களும் அப்படித்தான் டீச்சர்" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

அந்த ஒரு பதிலில் என் ஒரு மணி நேரப் பேச்சு எங்கே தவறியது என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பகுதியினரின் பெற்றோர் தேனி, மதுரை, இராமநாதபுரம், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காக வந்தவர்கள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு ஆறு அல்லது எட்டுக் கதவுகளும் ஒரு பொதுக் குழாயும் உள்ள லைன் வீடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். ஆனாலும் அவர்கள் பேச்சில் இது பிழைக்க வந்த இடம். குலதெய்வமும், சித்திரைத் திருவிழாவும், ஓட்டும் சொந்த ஊரில்தான். இந்தப் பிள்ளைகளோ இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இங்கேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள். ஆண்டுக்கு இருமுறை பார்க்கும் ஊர் அவர்களுக்கு விருந்து வீடு போன்றது. அங்கே யார் ஊராட்சித் தலைவர் என்று கேட்டால் தெரியாது. இங்கே தங்கள் தெருவில் சாக்கடை எந்த மழைக்கு நிரம்பும் என்பது தெரியும். இவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்தது என் பிழை. தங்களுக்கு இங்கே அந்த உரிமை இல்லை என்று அவர்கள் மெய்யாகவே நம்பியிருந்தார்கள். அதை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

மறுநாள் பாடத்தை நிறுத்திவிட்டு உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொண்டேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறை அவர்களுக்குச் சிறு வகுப்பிலிருந்தே தெரிந்ததுதான். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு அங்கே விதிக்கப்பட்ட தகுதிகளை நாங்கள் அன்றுதான் நிதானமாகப் படித்தோம்: வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். "அப்போ நம்ம பேரு குடத்துக்குள்ளயே போயிருக்காது" என்று ஒருத்தி சொன்னாள். ஆம், போயிருக்காது. பெண் என்ற காரணத்தாலும் போயிருக்காது. இன்றைய சட்டம் அப்படி இல்லை என்பதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு வயது வந்த குடிமக்கள் எல்லோருக்கும் வாக்குரிமை தருகிறது. இருபத்தொன்றாக இருந்த அந்த வயது 61ஆவது திருத்தத்தால் 1989 மார்ச் 28 முதல் பதினெட்டாகக் குறைந்தது. எந்த ஊரில் பதிவது என்பதை முடிவு செய்வது வழக்கமாக எங்கே வசிக்கிறோம் என்பது மட்டுமே. ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருத முடியாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஊரில் ஓடு வேய்ந்த சொந்த வீடு வைத்திருப்பவரின் மகளும் இங்கே லைன் வீட்டில் குடியிருந்தால் இந்தத் தொகுதியின் வாக்காளராகலாம் என்று நான் கரும்பலகையில் எழுதியபோது, பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேர்வுக்கு வராத ஒன்றை அவர்கள் கேட்காமலே எழுதிக்கொண்டது அன்றுதான்.

அந்த உற்சாகத்தில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முப்பத்தொரு மாணவிகளிடம் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ நிரப்பி வாங்கி, ஒரே கோப்பாகக் கட்டி, வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன். தனி ஒருவர் மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை ஏற்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த விதி நியாயமானது. பட்டியலில் போலிப் பெயர்கள் நுழையாமல் காப்பதற்காக ஏற்பட்டது. விதியை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் குறை. அதன்பின் செய்முறைத் தேர்வு வந்தது. மார்ச் 13ஆம் தேதி பொதுத்தேர்வு தொடங்கியது. பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். முப்பத்தொரு படிவங்களும் ஆசிரியர் அறையில் என் பீரோவிலேயே கிடந்தன. மே மாதம் பீரோவைச் சுத்தம் செய்தபோது, ஒவ்வொரு படிவத்திலும் ஒட்டியிருந்த படங்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்த கல்வியாண்டில் ஜூன் மாதத்திலேயே தொடங்கினேன். முதலில் செய்தது பிறந்த தேதிகளைப் பிரித்ததுதான், இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் எந்த ஆசிரியருக்கும் நான் முதலில் சொல்வதும் இதுவே. முன்பெல்லாம் பதினெட்டு வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள் ஜனவரி 1ஆம் தேதி மட்டுமே. ஜனவரி 2ஆம் தேதி பதினெட்டு நிறையும் ஒருவர் ஓர் ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உள்ளன. அதோடு 2022 முதல், பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு நிறையும் காலாண்டில் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு பள்ளி நாட்காட்டியோடு எளிதில் பொருந்துவதில்லை. வாக்காளர் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சுருக்கமுறைத் திருத்தத்தின் சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் நவம்பரில் நடக்கும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் நவம்பருக்குள் பதினேழு நிறையும் பிள்ளைகள் ஒரு பகுதியினர்தான். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பதினேழு நிறைபவர்கள் தேர்வுப் பரபரப்பில் இருப்பார்கள். எனவே நான் ஒரே முகாமை நம்புவதை விட்டுவிட்டு மூன்று வாய்ப்புகளை வைத்துக்கொண்டேன். முதலாவது நவம்பர் முகாம். இரண்டாவது பொங்கல் விடுமுறை முடிந்து செய்முறைத் தேர்வு தொடங்கும் வரையுள்ள நாட்கள். மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் பள்ளிக்கு வரும் ஒரே நாள்: மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் வாங்கும் நாள். அன்று சான்றிதழ் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை போட்டு, கையெழுத்து வாங்கியதும் அப்படியே அங்கே அனுப்பிவிடலாம். தேர்தல் அறிவிக்கப்பட்டு வேட்புமனுக் கடைசி நாள் கடந்துவிட்டால், தேர்தல் முடியும் வரை பட்டியலில் புதிய பெயர்கள் ஏறாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். 2024 மே மாதம் அப்படித்தான் சொன்னேன்.

படிவத்தை வகுப்பிலேயே ஒரு பாடவேளையில், நகலெடுத்த தாளில் பென்சிலால் நிரப்பவைத்தேன். இதில் செலவாகும் நாற்பத்தைந்து நிமிடங்களை நான் வீணாகக் கருதவில்லை. பின்னால் நேரும் திருத்தங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. நம் வழக்கில் இல்லாத குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பிள்ளைகள் விழிப்பார்கள். தலைப்பெழுத்தை எங்கே எழுதுவது, சான்றிதழில் உள்ளபடியா, ஆதாரில் உள்ளபடியா என்ற கேள்விகள் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லோரும் பின்பற்றுவது என்று முடிவு செய்தோம். இணையத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் தமிழ் வடிவம் தானாக வந்து நிற்கும். ழகரம் வரும் பெயர்கள் லகரத்தோடு நின்றன, 'தரணி' 'தாரணி' ஆனது. அதைக் கையால் திருத்தாமல் அனுப்பினால் அட்டை அப்படியேதான் வரும். தன் பெயரைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எங்கள் கணினி அறையின் விதியாயிற்று.

அந்தப் பென்சில் பயிற்சி நடந்த நாளில்தான், கடைசி வரிசையில் ஒரு மாணவி உறவினர் பெயர் கேட்கும் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிரப்பியிருப்பதைக் கண்டேன். பென்சில் முனையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தபடியே இருந்தாள்; தாளில் சிறு குழி விழுந்திருந்தது. நான் அருகே போய் நின்றதும், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அப்பா பேரு எழுதித்தான் ஆகணுமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆண்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து தாயோடும் தங்கையோடும் வந்தவள்; வந்த ஆண்டில் படிப்பு ஓராண்டு தடைப்பட்டதால் வகுப்பில் மற்றவர்களைவிட மூத்தவள். அந்த டிசம்பரில் அவளுக்குப் பதினெட்டு. நான் அந்த வரியை அவளுக்கு விரலால் காட்டினேன். தந்தை, தாய், கணவர், மனைவி, பெற்றோர் இல்லாதவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர், திருநர்களுக்குக் குரு என்று பலரையும் அந்தப் படிவம் ஏற்கிறது. அவள் தாய் என்பதற்கு எதிரே குறியிட்டுத் தன் அம்மாவின் பெயரை எழுதினாள். எழுதிய பிறகு அதைக் கையால் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் "அப்பா பெயரை எழுதுங்கள்" என்று சொல்வதில்லை. "பெற்றோரில் ஒருவர் பெயரை எழுதுங்கள்" என்றே சொல்கிறேன்.

முகவரிச் சான்று எங்கள் பகுதியில் பெருஞ்சிக்கல். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான்; பதிவு செய்த பத்திரம் எந்த லைன் வீட்டிலும் இருக்காது. மின் கட்டண அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். குடும்ப அட்டையே போதும் என்று பெற்றோர் கொண்டுவருவார்கள். ஆனால் படிவம் 6இல் அச்சிட்ட சான்றுகளின் வரிசையில் அது இல்லை. எங்களுக்குக் கைகொடுத்தது வங்கிக் கணக்குப் புத்தகம். உதவித்தொகைக்காகப் பள்ளி வழியே தொடங்கிய கணக்கில் பல பிள்ளைகளுக்கு இப்போதைய முகவரியே இருந்தது. வங்கிகளின் புத்தகத்தையும் அஞ்சலகப் புத்தகத்தையும் படிவம் ஏற்கிறது. வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும். ஆதார் எண்ணைக் கேட்கும் கட்டம் படிவத்தில் உண்டு. ஆனால் அது கட்டாயமல்ல என்று தேர்தல் ஆணையமே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துள்ளது. முகவரிக்கு எந்தச் சான்றும் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், அவர்களுக்கு நேரடிக் கள ஆய்வு நடக்கும் என்பதைப் பலரும் சொல்வதில்லை. சான்று இல்லை என்று ஒரு பிள்ளை படிவத்தை மடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்தால் நான் அதைத் திரும்ப விரித்து வைக்கச் சொல்கிறேன்.

ஆனால் கள ஆய்வில்தான் பல விண்ணப்பங்கள் கவிழ்கின்றன. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., எங்கள் பகுதியில் அங்கன்வாடிப் பணியாளராகவோ சக ஆசிரியராகவோ இருப்பார். தம் வேலைக்கு இடையில் வீடு வீடாக வருபவர். பகலில் அவர் வரும்போது லைன் வீட்டில் எல்லாக் கதவுகளிலும் பூட்டுத் தொங்கும். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருப்பார், பிள்ளை பள்ளியில் இருப்பாள். பக்கத்து வீட்டில் கேட்டால், "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அங்கே ஒருவரை ஒருவர் சான்றிதழ்ப் பெயரால் அறிவதில்லை. இதற்கு நாங்கள் கண்ட வழி மிகச் சிறியது: ஒவ்வொரு மாணவியும் தன் பகுதி பி.எல்.ஓ.வின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, படிவம் கொடுத்த வாரத்திலேயே அவரை அழைத்து, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சம்பள நாள், இரவு வரை வேலை. ஞாயிறு காலையே நல்ல நேரம். பதினேழு வயதுப் பெண் ஓர் அரசு அலுவலரைத் தானே அழைத்து, தன் பெயரையும் கதவிலக்கத்தையும் சொல்லிப் பேசுவது அவளுக்கு எளிதல்ல. முதல் அழைப்புகளை என் பக்கத்தில் நின்று பேசவைத்தேன். இரண்டாவது முறை யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

விண்ணப்பங்களை இம்முறை நான் சுமக்கவில்லை. எங்கள் பள்ளியே வாக்குச்சாவடி என்பதால் நவம்பர் ஞாயிற்றுக்கிழமை முகாமும் அங்கேயே நடந்தது; பிள்ளைகள் தம் பெற்றோரோடு வந்து தம் கையால் கொடுத்தார்கள். படிவத்தில் யாருடைய கைப்பேசி எண்ணை எழுதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு விண்ணப்பித்திருந்த இருவரில் ஒருத்தி கணினி மையக்காரரின் எண்ணைக் கொடுத்திருந்தாள். தகவல்கள் எல்லாம் அவருக்குப் போயின, விண்ணப்பம் என்னவாயிற்று என்று இவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டில் நிலையாக இருக்கும் எண், பெரும்பாலும் தாயின் எண், அதுவே சரி. விண்ணப்ப எண்ணைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதவைத்து, மாதம் ஒருமுறை நிலையைப் பார்க்கச் சொன்னேன். சந்தேகம் வந்தால் 1950 என்ற வாக்காளர் உதவித் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

ஊரிலும் இங்குமாக இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் என்ன என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்ன யோசனை அது. ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதியலாம் என்பதையும், தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளித்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம் என்பதையும் தயங்காமல் சொன்னேன். ஊரிலேயே தாத்தா பாட்டியோடு நிலையாகத் தங்கப் போகும் பிள்ளைக்கு ஊர்தான் சரி; அவளை இங்கே பதியச் சொல்லி எண்ணிக்கை காட்ட நான் விரும்பவில்லை. கல்லூரி விடுதிக்குப் போகிறவர்கள் வீட்டு முகவரியிலோ, கல்லூரித் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியிலோ, ஏதேனும் ஒன்றில் பதியலாம். படிவம் நிரப்ப உதவுவதாக ஒரு கட்சிக்காரர் பள்ளி வாசலுக்கு வந்தபோது நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். எந்தச் சின்னத்தின் நிழலும் விழாத இடத்தில்தான் ஒரு பிள்ளை தன் முதல் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

தாயின் பெயரை எழுதிய அந்த மாணவியின் வீட்டுக்கு பி.எல்.ஓ. ஒரு ஞாயிறு காலை சென்றார். அவர் சரிபார்த்து முடித்ததும், அதுவரை கதவோரம் நின்றிருந்த தாய், "எனக்கும் இங்க மாத்திக்க முடியுங்களாம்மா?" என்று கேட்டாராம். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு நாள் கூலியை விட்டு, இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே ஆண்டிப்பட்டிக்குப் போய் வந்தவர் அவர். சில தேர்தல்களில் போகாமலும் இருந்திருக்கிறார். முகவரி மாற்றத்துக்கான படிவம் 8ஐ அவருக்கு நிரப்பிக் கொடுத்தது மகள்தான். வகுப்பில் பழகிய கை; பென்சில் தேவைப்படவில்லை. 2024 ஜனவரியில் வெளியான இறுதிப் பட்டியலில் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு பெயர்களும் இருந்தன.

ஏப்ரல் 19ஆம் தேதி எனக்கு வேறொரு ஊரில் தேர்தல் பணி. இயந்திரங்களை முத்திரையிட்டு ஒப்படைத்துவிட்டு, இரவு நெடுநேரத்துக்குப் பிறகு கைப்பேசியைத் திறந்தேன். மை வைத்த இரண்டு ஆட்காட்டி விரல்களின் படம் வந்திருந்தது. ஒன்றில் நகத்தின் ஓரம் நூல் வெட்டும் கத்தரி பட்டுக் காய்ப்பேறியிருந்தது. அதன் கீழே ஒரு செய்தி: "டீச்சர், தங்கச்சிக்கு வர்ற நவம்பர்ல பதினேழு முடியுது. அவ கிளாஸ்ல எப்ப படிவம் குடுப்பீங்க?"